ஜெர்மனியில் குடும்பத்தோடு ஊர் சுற்றல்: கேட்டதும் சொன்னதும்

ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள், கோடைக்குக் கோடை ஊரிலிருந்து வரும் பெரியவர்கள், கார் கிடையாது. ரயிலிலும் பஸ்ஸிலும் பட்டு அறிந்ததைத்தான் சொல்வேன், கேளுங்கள்.

கேள்வி: அக்கா, மே மாதம் மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். மியூனிக்கிலிருந்து நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி.

முடியும். ஆனால் அம்மாவுக்கு அது சிரமமான நாளாகத்தான் இருக்கும். மியூனிக்கிலிருந்து ஃப்யூசன் வரை ரயிலில் இரண்டு மணி நேரம், அப்புறம் பஸ். அடிவாரத்திலிருந்து கோட்டைக்கு நடந்தால் அரை மணிக்கு மேல் ஏற்றம். குதிரை வண்டி இருக்கிறதே என்பார்கள், அதுவும் வாசல் வரை போகாது, இறங்கிய பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் ஏறத்தான் வேண்டும். உள்ளே ஏற இறங்க 300 படிக்கு மேல். இத்தனையும் தாண்டிப் போனால் சுற்றிக் காட்டுவது அரை மணி நேரம்தான், படம் எடுக்க விடமாட்டார்கள். டிக்கெட்டில் போட்ட நேரத்தைத் தவறவிட்டால் காசும் போச்சு. சின்னவனுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டு வருவதற்குள் எங்கள் எண் திரையிலிருந்து மறைந்ததை மாமியாரோடு நின்று பார்த்தவள் நான்.

என்னைக் கேட்டால் உள்ளே போகவே வேண்டாம். 1869-ல் கட்ட ஆரம்பித்தது, ராஜா இரண்டாம் லுட்விக் 1886-ல் இறந்தபோது வேலை முடியவில்லை, பல அறைகள் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. அழகெல்லாம் வெளியே நின்று பார்ப்பதில் இருக்கிறது. அப்பாவும் நீங்களும் மரியன்ப்ரூக்க பாலத்துக்குப் போய்ப் படம் எடுங்கள், அம்மா கீழே ஆல்ப்சே ஏரிக்கரையில் உட்காரட்டும். இன்னொரு நாள் கிடைத்தால் கூனிக்ஸே ஏரிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே 1909 முதல் மின்சாரப் படகுதான், சத்தமே இருக்காது. நடு ஏரியில் படகை நிறுத்திப் பாறையைப் பார்த்து ஊதுகொம்பு ஊதுவார்கள், மலை திருப்பி ஊதும். என் மாமியார் ஊருக்குப் போய்ச் சொன்னது கோட்டைக் கதையை இல்லை, இந்தக் கதையைத்தான்.

கேள்வி: நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகளுக்கு 5, 8 வயது. டாய்ச்லாண்ட் டிக்கெட் போதுமா?

அது நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும் மாத டிக்கெட். தினமும் வேலைக்குப் போக அது இருந்தால் சரி, ஊர் சுற்ற மட்டும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரியிலிருந்து 63. ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் செல்லாது. ஐந்து வயதுக்காரனுக்கு எதிலும் டிக்கெட் வேண்டாம், ஆனால் எட்டு வயதுப் பிள்ளை உங்கள் டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் சேராது, தனியாக வாங்க வேண்டும், இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். ஒரு நாள் சுற்ற, பவேரியா மாநிலத்தின் பயர்ன் டிக்கெட் மாதிரி மாநில டிக்கெட் நல்லது, சொந்தப் பிள்ளைகள் 14 வயது வரை இலவசம். பயர்ன் டிக்கெட் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். ஐசிஇ-யில் பெற்றோரோடு போகும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் காசு இல்லை, ஆனால் முன்பதிவு செய்யும்போதே அவர்களையும் சேர்த்துவிட வேண்டும்.

பெற்றோருக்காக ஒரு மாதத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுப்பவர்கள் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்ய மறக்காதீர்கள். அது சந்தா, தானாக நிற்காது.

கேள்வி: சைவம். வெளியே போனால் உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர வேறு கதி இல்லையா?

கட்டுச்சோறு இருக்கும்போது என்ன கவலை? புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. உட்கார இடம்தானே பிரச்சினை? பவேரியாவில் பியர்கார்டன் என்ற மரத்தடித் தோட்டங்களில் சாப்பாட்டை நாமே கொண்டுபோய்ச் சாப்பிடலாம், அது அங்கே பழைய வழக்கம், குடிக்க மட்டும் அவர்களிடம் வாங்கினால் போதும், ஆப்பிள் ஜூஸ் சோடா கூடச் சரிதான். துணி விரித்த மேஜையில் மட்டும் உட்காராதீர்கள், அது பரிமாறும் பகுதி. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தயிரும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். மறந்தால் பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி.

கேள்வி: மழை வந்தால்? வீட்டில் 4, 7 வயது, இரண்டும் அடங்காத பையன்கள்.

ஜின்ஸ்ஹைம் தொழில்நுட்ப அருங்காட்சியகம். கூரை மேல் ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானங்களான கான்கார்டும் ரஷ்யாவின் டுபொலேவ் 144-ம் நிற்கின்றன, இரண்டிலும் ஏறி உள்ளே நடக்கலாம். இன்னொரு மழை நாளுக்கு ஷ்பயரில் இருக்கும் அதன் கிளை, அங்கே 747 விமானத்தின் இறக்கை மேலேயே நடக்க விடுகிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு விமான டிக்கெட் பாதி விலை. பள்ளிக்கு லீவு போடலாமா?

வேண்டாம். பள்ளிக்கு அனுப்புவது இங்கே சட்டக் கடமை, அபராதம் வரலாம். பவேரியாவில் விமான நிலையத்திலேயே போலீஸ் பிடித்துக் கேட்டிருக்கிறது. காய்ச்சல் என்று சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போனால், முதலில் உண்மையைச் சொல்வது உங்கள் பிள்ளையாகத்தான் இருக்கும்.

கேள்வி: கொலோனில் இருக்கிறோம். மாமியாருக்குக் கோயில் பார்த்தால்தான் பயணம் நிறையும்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில். இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது, 2002-ல் கும்பாபிஷேகம் நடந்தது. சுற்றிலும் தொழிற்பேட்டை, நடுவில் கோபுரம், முதலில் பார்க்கிறவர்களுக்கு வழி தவறி வந்துவிட்டோமோ என்று தோன்றும். கோடைத் தொடக்கத்தில் தேர்த் திருவிழா, ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். மாமியாருக்கு அதுதான் பிடிக்கும், பிள்ளைகளுக்குக் கூட்டமில்லாத நாள்தான் பிடிக்கும். கொலோனிலிருந்து ஹம் வரை ஆர்இ 1 ரயில் நேராகப் போகும், அங்கிருந்து கோயில் இருக்கும் ஊன்ட்ராப்புக்குப் பஸ். உங்கள் ஊர்ப் பேராலயக் கோபுரத்தின் 533 படிகளுக்கு மட்டும் அவரைக் கூட்டிப் போகாதீர்கள்.

கேள்வி: பெற்றோரோடு பிரான்ஸ் பக்கம் ஒரு நாள்?

ஜெர்மனியின் எல்லை ஊரான கேலிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்குக்கு டிராமே ஓடுகிறது, ரைன் ஆற்றைத் தாண்டினால் பிரான்ஸ். பெற்றோர் ஜெர்மனிக்கு வந்த ஷெங்கன் விசாவே போதும். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும், உங்கள் குடியிருப்பு அட்டை மட்டும் போதாது. அப்புறம், ஐம்பது சென்ட் காசு ஒரு பை நிறைய வேண்டும். கழிப்பறைக்கு.