‘எப்படியோ’ என்ற சொல்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குக் கிடைத்த நான்கு பழைய மடிக்கணினிகளில் டெபியன் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினேன். வழிகாட்டியில் இருந்தபடி, நிர்வாகியாக மாற ‘சு’ என்று தட்டிக் கடவுச்சொல்லும் கொடுத்தேன். பிறகு புதுப் பயனரைச் சேர்க்க ‘ஆட்யூசர்’ என்று தட்டினால், அப்படியொரு கட்டளையே இல்லை என்னும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றே வந்தது. இரண்டு நாள் அல்லாடி எப்படியோ சரிசெய்துவிட்டேன். டெபியனின் இந்த ஆவணங்களைத் தமிழாக்க ஆசை. நிரல் எழுதத் தெரியாது, ஆங்கிலமும் சுமார்தான். எங்கே தொடங்குவது?

ஒரு வாசகர், ஏர்வாடி

அன்புள்ள தம்பிக்கு,

நிரலும் ஆங்கிலமும் இதற்குத் தடையே அல்ல, அவற்றை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘எப்படியோ’ என்ற சொல். எப்படி என்பதை யாரிடம் சொன்னீர்கள்?

2019-இல் வெளியான டெபியன் 10 முதல் ‘சு’ கட்டளை வேறொரு மென்பொருள் தொகுப்பிலிருந்து வருகிறது. முன்பெல்லாம் வெறும் ‘சு’ என்றாலே நிர்வாகிக்குரிய கட்டளைகள் இருக்கும் இடங்களும், கணினி கட்டளைகளைத் தேடும் பாதையில் சேர்ந்துகொள்ளும். இப்போது சாதாரணப் பயனரின் தேடல் பாதையே தொடர்வதால், ‘ஆட்யூசர்’ வட்டில் இருந்தும் அகப்படுவதில்லை. ‘சு’வுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோடு ஒன்று போட்டால் தீர்ந்தது. அந்தத் தொகுப்போடு வரும் மாற்றக் குறிப்பில் இதை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் முதன்முறை நிறுவுகிறவர் அதைத் தேடிப் படிப்பாரா? அவர் கைக்குக் கிடைப்பது, எந்தப் பதிப்புக்கு எழுதியது என்ற எண்கூட இல்லாத பழைய வழிகாட்டிதான்.

என் சித்தப்பா கீழக்கரையில் வத்தை என்னும் மீன்பிடிப் படகு ஓட்டியவர். கரையோரத்து ஒற்றைப் பனையும் பள்ளிவாசல் மினாரும் ஒரே நேரில் தெரியும்படி பிடித்து வந்தால் கடலடிப் பாறையான பாரில் அடிபடாமல் கரை சேரலாம் என்பது அவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு வாடைக்காலத்தில் அந்தப் பனை சாய்ந்தது. சித்தப்பா அன்று மாலையே வலை காயும் இடமெல்லாம் நடந்து, மறுநாள் கடலுக்குப் போகும் ஒவ்வொருவரிடமும், பனை இல்லை, இனி எதைப் பார்த்து வரவேண்டும் என்று சொல்லி முடித்த பிறகுதான் வீட்டுக்கு வந்து சோறு உண்டார். அதே கீழக்கரைத் தீவுகளில் ஒன்றான பூவரசன்பட்டி, பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் ஒரு காரணமாகக் கடலுக்குள் போய்விட்டது. 1986-இல் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவை அறிவித்த காலத்து ‘21 தீவுகள்’ என்ற கணக்கை மட்டும் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பனை விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். இரண்டு நாள் அல்லாடியவருக்கு எந்த வரி ஏமாற்றியது என்று தெரிகிற அளவுக்கு, அதை எழுதியவருக்குத் தெரியாது. அவர் விரல் பழக்கத்தில் சிறுகோட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு மாதம் கழிந்தால் உங்களுக்கும் மறந்துவிடும். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தது தவறு தம்பி, பெரிய தவறு. இதே வரியில் இந்நேரம் இன்னொரு பிள்ளை, தனக்குத்தான் அறிவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

தமிழாக்கம் பிறகு. இப்போதே தொடங்கினால் அந்தப் பிழையான வரியைத்தான் நல்ல தமிழில் எழுதிவைப்பீர்கள்.

டெபியனுக்கு வழு அறிக்கையை, அதாவது பிழையைத் தெரிவிக்கும் குறிப்பை, மின்னஞ்சலிலேயே அனுப்பலாம். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஆவணத்தின் பெயர், பிழையான வரி, உங்கள் பதிப்பு எண், நீங்கள் தட்டியது, திரையில் வந்தது, மாற்றாக இருக்க வேண்டிய வரி ஆகியவற்றைச் சுமாரான ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். அனுப்பும் முன் ஒரு மடிக்கணினியை அழித்து மறுபடி நிறுவி, நீங்கள் திருத்திய வரியைப் படிப்பகத்துக்கு வரும் வேறொருவரைத் தட்டச் சொல்லிப் பாருங்கள். அருகில் நில்லுங்கள், வாய் திறக்காதீர்கள்.