நாப்பது நாள் புள்ளைக்கு வசம்பு உரைச்சு கொடுக்கலாமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. புள்ளைக்கு நாப்பது நாள், சாயங்காலமானா வீல்னு கத்துது, மாமியார் வசம்ப சுட்டு தேன்ல உரைச்சு நாக்குல தடவச் சொல்றாங்க, பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, ஒருத்தர் வசம்பு பவுடர் 25 வெள்ளிக்கு விக்கிறார், எத கொடுக்கறதுன்னு.

ரெண்டுமே வாய்க்குள்ள போக வேணாம்மா.

மாமியார்கிட்ட சண்டைக்கும் போகாத. பிள்ளை வளர்ப்பான்னே அதுக்குப் பேரு. எங்க பாட்டி விளக்குல காட்டி கருக்கி, தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டு கல்லுல ஒரே ஒரு இழுப்பு இழுப்பாங்க, மை மாதிரி கோடு விழும், அதான் அளவு. ஆனா அந்த மூக்க அரிக்கிற வாசம் வர்ற எண்ணெயில பீட்டா அசரோன்னு ஒண்ணு இருக்கு, எலிக்கு கொடுத்துப் பாத்து கட்டி வந்ததால அமெரிக்காவுல 1968லயே சாப்பாட்டுல வசம்பு சேக்கக்கூடாதுன்னுட்டாங்க. இந்திய வசம்புல அது ரொம்ப அதிகம். கொஞ்சம் கூடிட்டா வாந்தி, அந்தக் காலத்துல வாந்தி எடுக்க வைக்கவே கொடுத்த சரக்கு இது. சுட்டா எண்ணெய் கொஞ்சம் போகும்தான், மிச்சம் எவ்வளவுன்னு வீட்டுல யாரால அளக்க முடியும்? தேன் ஒரு வயசு வரைக்கும் வேணவே வேணாம், அதுல இருக்கிற கிருமி வித்து பச்சப்புள்ள குடல்ல மொளச்சு நரம்பையே தளர வெச்சிடும்.

இப்ப அந்த பவுடர். கட்டையா இருந்தா கணு தெரியும், ஒடிச்சா வாசம் தெரியும், பவுடர்ல என்ன தெரியும்? ஜெராங்காவ் மேராவையும் வசம்புன்னே சொல்லி விக்கிறாங்க, வசம்புக்கு மலாய்ல ஜெராங்காவ்னு பேரு, மேரா வேற செடி, இஞ்சி குடும்பம். குணமாக்கும்னு சொல்லி பாட்டில்ல விக்கிற பாரம்பரிய மருந்துன்னா எம்ஏஎல்னு (MAL) ஆரம்பிச்சு எட்டு இலக்கம், கடைசியில டி (T) எழுத்து, ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கணும். நம்பர போன்லயே மருந்துகள பதிவு பண்ற அரசாங்க அமைப்பு என்பிஆர்ஏ (NPRA) தளத்துல தட்டிப் பாரு, பேரும் பொருந்தணும். நான் ஒரு தடவ இப்படி ஒரு பாட்டில போட்டோ எடுத்து புகார் கொடுத்தேன், பாரம் நிரப்பு, ரசீது கொண்டா, அங்க போ இங்க போன்னு அலைய விட்டாங்க, அதுக்குள்ள அந்தாளு லேபிள மாத்திட்டு அதே எடத்துல மேசை போட்டு உக்காந்திருந்தான். வயிறு எரியுது.

வயித்து மேல பூசலாமான்னா, பூசலாம், ஆனா கேளு. தொப்புள் கொடி விழுந்து நல்லா காஞ்சிருக்கணும். நல்லெண்ணெயில லேசா உரைச்சு தொப்புள சுத்தி மட்டும், தொப்புளுக்குள்ள இல்ல. மொதல்ல தொடையில ஒரு சொட்டு தடவி மறுநாள் வரைக்கும் பாரு, செவந்தா விட்டுடு. புள்ள கை அங்க படாம சட்ட போடு, விரல் நேரா வாய்க்குத்தான் போகும். மார்க்காம்புல தடவி பால் கொடுக்கிறதும் வாயில ஊட்டுறதும் ஒண்ணுதான். வசம்பு வளையலும் அதே கதை, சப்பும், மணி கழண்டா தொண்டையில சிக்கும்.

கிளினிக்ல மிஸ்ஸிங்க, அதான் நர்சுங்க, எதும் கொடுக்காதன்னு அதட்டுறாங்களே தவிர ஏன்னு ஒரு வார்த்த சொல்றதில்ல, கையில கொடுக்கிற பேப்பரும் மலாய்ல, மாமியார் எப்படி படிப்பாங்க? அப்புறம் மறைச்சுதான் கொடுப்பாங்க.

இந்த அழுகை ஆறாவது வாரத்துலதான் உச்சத்துக்குப் போகும், மூணு நாலு மாசத்துல தானா அடங்கும். பால் குடிச்சதும் தோள்ல போட்டு ஏப்பம் எடு. 38 டிகிரி காய்ச்சல், பச்சையா வாந்தி, மலத்துல ரத்தம், பால் குடிக்காம துவண்டு கெடக்குறது, இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடு. முன்னாடியே வசம்பு கொடுத்திருந்தா அத டாக்டர்கிட்ட மறைக்காத.