தம்புள்ளையும் பெரியபுளியங்குளமும்

வணக்கம் ஐயா,

கண்டிக்குப் போகிறபோதெல்லாம் பஸ் யன்னலால் பார்த்த தம்புள்ளை மலையில் இந்த முறை ஏறிவிட்டேன். அங்குள்ள பௌத்த குகை விகாரையின் ஓவியங்களைப் பார்த்து மலைத்துப்போனேன். படங்களைப் போட்டதும் பெரியப்பா, "உனக்கு அங்கே என்ன வேலை?" என்று ஏசினார். நான் போனது பிழையா? அடுத்த முறை அம்மாவைக் கூட்டிப்போக என்னென்ன கவனிக்கவேண்டும்?

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பிழையே இல்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்வாரும். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, வெயில் ஏறமுதல் படியேற்றம், சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காமை. இவ்வளவும் போதும்.

பெரியப்பாவில் எனக்குக் கோபம் வரவில்லை. சைவக் கோயிலா பௌத்த விகாரையா என்று தகராறு நடக்கிற குருந்தூர்மலையையும் வெடுக்குநாறிமலையையும் பற்றிக் கேள்விப்படுகிற வன்னி மனிதருக்கு, விகாரை என்றதும் காணி போய்விடுமோ என்ற பயம் வரத்தான் செய்யும். கோபம் உம்மில்தான். ஐந்து குகையும் சுற்றினீர், ஓவியத்தைப் பார்த்து மலைத்துப்போனீர். அந்த ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தீட்டியவை. அவற்றுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருசம் முந்தியது உம்முடைய தலைக்கு மேலேயே இருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் பாறையின் நெற்றியில் வெட்டிய கோடு, அதன் கீழே பிராமி என்ற பழங்கால எழுத்து. நீர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அதே காலத்துப் பிராமி எழுத்து உமக்குப் பக்கத்திலும் இருக்கிறது, வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில். அங்கே இரண்டு கல்வெட்டுகள் விசாகன் என்ற தமிழ் வணிகனைச் சொல்கின்றன. ஒன்று அவனுடைய குகையைப் பற்றி, மற்றது அவன் செய்வித்த படிக்கட்டைப் பற்றி. தொல்லியல் அறிஞர் பரணவிதான 1970இல் பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதியில் இரண்டும் உண்டு. பௌத்தத் துறவிகள் தங்குவதற்குக் குகை கொடுத்த தமிழன் அவன்.

எங்கள் மேடைகளில் இவனைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்? பேசினால் "அப்ப இது பௌத்த பூமிதானே" என்று மற்றப் பக்கம் பிடித்துக்கொள்ளும் என்று பயம். சரி, நாங்கள் பேசாமல் விட்டால் என்ன நடக்கும்? பௌத்தம் என்றால் சிங்களம் மட்டும்தான் என்று யாரோ பலகை நட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பலகைக்கு எதிராக எங்களிடம் உள்ள நல்ல சாட்சி இந்த வியாபாரிதான். அவனை ஒளித்துவைத்துக்கொண்டு உரிமை பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டவேண்டும், அதுவும் தமிழ் ஆசிரியர்களே காட்டவேண்டும்.

பெரியப்பாவோடு வாதாடவேண்டாம். அவரைத் தம்புள்ளைக்கு இழுக்கவும் வேண்டாம். விசாகனின் கல்வெட்டைத் தேடிப் படித்து, அவருக்கு வாசித்துக்காட்டும். அப்புறமும் ஏசினால், என்ன சொல்லி ஏசினார் என்று எனக்கு எழுதும்.