அம்பாசடர் மார்க் 4-இல் இசுஸு எஞ்சின்: பணம் கொடுக்கும் முன்

வணக்கம். மார்க் 4-இன் 1489 சிசி எஞ்சினுக்குப் பதில் கான்டெஸா காரின் 1.8 லிட்டர் இசுஸு எஞ்சினைப் போடப் போவதாகவும், சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தையில் ஒருவர் எஞ்சினை மட்டும் தருவதாகவும் எழுதியிருந்தீர்கள். தனி எஞ்சின் வேண்டாம். ஐந்து கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல், மவுண்டிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து மொத்தமாக வரட்டும். அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடுவது பெரும்பாடு.

கடையிலேயே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளக்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வர வேண்டும். கியர் பாக்ஸ் ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள், இரும்புத் துணுக்கு தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எஞ்சின் நம்பர் முக்கியம். ராவியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். பில்லோடு வாங்கி, பொருத்தும் முன்பே ஆர்டிஓ அனுமதி கேளுங்கள். புது நம்பர் ஆர்சியில் ஏறாவிட்டால், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பது சிக்கல்.

சரி, பட்ஜெட்டில் முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்கும் இடம் வையுங்கள். பழைய டிரம் பிரேக்கை நம்பி அந்த எஞ்சினை விரட்ட முடியாது.