பதில்: வின்ஐசிஸிலிருந்து கோஹா, தமிழ்த் தலைப்புகள் குப்பையாக வருகின்றன

வணக்கம். வின்ஐசிஸ் என்ற பழைய நூலக மென்பொருளில், பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய எழுத்துரு) தட்டச்சிட்ட நூற்பதிவுகள், நீங்கள் மாறிய நூலக மென்பொருளான கோஹாவில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன, ஏற்றுமதிக் கோப்பை ஒருங்குறி மாற்றியில் போட்டபின் ஒரு பதிவும் ஏறவில்லை என்கிறீர்கள். ஏறாதுதான். ஏற்றுமதிக் கோப்பு ஐஎஸ்ஓ 2709 என்ற நூற்பதிவுப் பரிமாற்ற வடிவம். அதில் ஒவ்வொரு புலத்தின் (தலைப்பு, ஆசிரியர் போன்ற பகுதி) நீளமும் தொடக்க இடமும் பதிவின் தலைப்பகுதியில் பைட் கணக்கில் இருக்கும். ஒருங்குறியைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். கணக்கு அங்கேயே உடைகிறது.

வின்ஐசிஸில் மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்: வரி நீளம் 0, புல முடிவு 30, பதிவு முடிவு 29 (இரண்டும் குறியெண்கள்). முடிவுக் குறியாக இயல்பாக வரும் # வேண்டாம், பாமினியில் அது ‘சூ’! பிறகு மார்க்எடிட் என்ற நூற்பதிவுத் திருத்த மென்பொருளின் மார்க்பிரேக்கர் கருவியில் உரைக்கோப்பாக்கி, தமிழ்ப் பதிவுகளைத் தனியே பிரித்து, துணைப்புல (புலத்தின் உட்பிரிவு) உள்ளடக்கத்தை மட்டும் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். முழுக் கோப்பையும் மாற்றினால் துணைப்புலக் குறிகளும் ஆங்கில நூல்களும் தமிழாகிவிடும்.

பலர் தவறவிடுவது ‘கூ’. பாமினியில் அது $ குறி. மார்க்எடிட்டுக்கோ அது துணைப்புலப் பிரிப்பான். அதனால் உரைக்கோப்பில் நெளிவு அடைப்புக்குள் ‘டாலர்’ என்ற ஆங்கிலச் சொல்லாக மாறி நிற்கும். தலைப்பு, ஆசிரியர் புலங்களில் அதை நேரே ‘கூ’ என மாற்றுங்கள். விலைப் புலத்தைத் தொடாதீர்கள்.

மார்க்எடிட்டின் மார்க்மேக்கர் கருவியில் உரைக்கோப்பைப் பதிவுகளாகத் திரும்பக் கட்டும்முன் லீடரின் (ஒவ்வொரு பதிவின் தொடக்க வரி) 09ஆம் இடத்தில் ஆங்கிலச் சிறிய ‘ஏ’ இருக்கட்டும். அது ஒருங்குறி என்று சொல்லும் குறி. காலியாக விட்டால் மார்க்-8 என்ற பழைய எழுத்துக்குறி முறை என்று பொருள். ஏறியபின்னும் தேடலில் சிக்கவில்லையென்றால், கோஹாவின் தேடல் பொறியான ஜீப்ராவை ஐசியூ என்ற ஒருங்குறி கையாளும் முறைக்கு மாற்றி அட்டவணையை முழுதாக மறுகட்டுங்கள். சோதித்துப் பார்க்க முதலில் 20 பதிவுகள் போதும். ‘கொ’, ‘கௌ’ வரும் தலைப்புகளாகப் பொறுக்குங்கள்.