கேளுங்க சொல்றோம்: ரிசப்ஷன்ல போடுற பாட்டா இது?

கேள்வி: போன வாரம் அல்சூர்ல சொந்தக்காரங்க ரிசப்ஷன், டிஜே ‘எவ்ரி ப்ரெத் யூ டேக்’ போட்டாரு, பொண்ணு மாப்பிள்ளை கைகோத்து ஆடினாங்க, பக்கத்துல இருந்த என் பையன் மொபைல்ல வரிகளைப் பார்த்துட்டு ‘அம்மா, இது பொண்ணு பின்னாடி சுத்துறவன் பாட்டு’ன்றான். நெஜமாவா? அப்புறம் ஏன் இவ்ளோ இனிமையா இருக்கு?
- வாசகி, பெங்களூரு

பதில்: பையன் சொன்னது கரெக்ட்டுங்க. ‘தி போலீஸ்’ பேண்டோட ஸ்டிங், முதல் கல்யாணம் முறிஞ்ச சமயத்துல, ஜமைக்காவுல ஜேம்ஸ் பாண்ட் எழுதின இயான் ஃபிளெமிங்கோட பழைய வீட்டுல தங்கி எழுதினது. 1983ல வந்து அமெரிக்காவுல 8 வாரம் நம்பர் ஒன். நீ விடுற மூச்சு, எடுத்து வைக்கிற அடி எல்லாத்தையும் பார்த்துட்டே இருப்பேன்னு ஒருத்தன் சொன்னா போலீசுக்கு, அதாவது நிஜ போலீசுக்குத்தான் போகணும்! இது பயங்கரமான பாட்டு, ஜனங்க காதல் பாட்டுன்னு தப்பா எடுத்துக்கிட்டாங்கன்னு ஸ்டிங்கே சொல்லியிருக்காரு.

ஏன் இனிமைன்னா, என் கணக்கு இதுதான்: பின்னாடி சுத்துறவனுக்கு தான் மிரட்டுறோம்னு என்னிக்குத் தோணியிருக்கு, உருகி உருகி லவ் பண்றதாத்தான் நினைப்பான், அவன் மனசுக்குள்ள ஓடுற ட்யூன் அது. ஆண்டி சம்மர்ஸ் வாசிச்ச கிடாரை மட்டும் தனியா கேளுங்க, வேகமும் கூடாம விடவும் விடாம தெருமுனை வரைக்கும் நம்மகூடவே வர்ற செருப்புச் சத்தம் மாதிரி இருக்கும். ஹீரோ பஸ் ஸ்டாப்ல நின்னு துரத்துறதை லவ்வுன்னு பார்த்து வளந்த நமக்கு சந்தேகமே வராது, அது வேற கதை.

சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் போனா ‘பம்ப்ட் அப் கிக்ஸ்’ கேட்டிருப்பீங்க, அதுவும் இதே கேஸ். மத்த பசங்களைச் சுடணும்னு நினைக்கிற ஒரு பையனோட மனசு, நடுவுல ஜாலியா விசில் வேற, 2011ல பில்போர்டுல 3வது இடம்.

கேள்வி: வெள்ளைக்காரன்தான் இப்படியா, நம்மாளுங்க பண்ணலையா?
- வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: ஏன் பண்ணல? வட சென்னையில சாவு வீட்டு கானா கேட்டதில்லையா, விடிய விடிய டோலக் அடிச்சுப் பாடுவாங்க, உக்காந்திருக்கிறவன் கால் தானா ஆடும். ஆனா அதுல ஒளிவுமறைவு கிடையாது, பொணம் எதிர்லயே இருக்கே.

ஒளிச்சு வைக்கிறதுல கில்லாடி நம்ம தாலாட்டுதான். யார் அடிச்சு நீ அழுத, அத்தை அடிச்சாளோன்னு ஆரம்பிச்சு மொத்தச் சொந்தக்காரனையும் சந்தேகப்பட்டியல்ல சேர்த்துருவாங்க, அதுவும் அவ்ளோ மெதுவா, இழுத்து இழுத்து. குழந்தைக்கு ஒண்ணும் புரியாது, தூங்கிரும். பக்கத்து ரூம்ல இருக்கிற நாத்தனாருக்குத்தான் தூக்கம் போயிருக்கும்.