இரண்டு இடங்களில் காற்றாலைக்கு எது ஏற்றது?

கேள்வி: எங்கள் ஆலையின் மின் தேவைக்காகக் காற்றாலை அமைக்க இரண்டு இடங்களைப் பார்த்துள்ளோம். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய இடத்தில் காற்று அதிகம் என்கிறார்கள். ஆனால் அங்கே அளவீடு எதுவும் இல்லை. கயத்தாறு அருகே உள்ள இடத்தில் ஓராண்டு அளவீடு இருக்கிறது. எதைத் தேர்வது?

பதில்: காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை 10 சதவீதம் கூட்டிக் கணித்தால் ஆற்றல் 33 சதவீதம் கூடித் தெரியும். எந்திரம் தன் உச்சத் திறனைத் தாண்டாது என்பதால் ஆண்டு உற்பத்தியில் பிழை அவ்வளவு பெரிதாகாது. ஆயினும் கடன் தவணையைத் தடுமாற வைக்க அது போதும்.

ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்களைக் கேளுங்கள். பி50 என்பது எட்டுவதற்கும் எட்டாமல் போவதற்கும் சம வாய்ப்புள்ள உற்பத்தி. பி90 என்பது 90 சதவீத வாய்ப்புடன் எட்டக்கூடிய உற்பத்தி. கடன் கொடுப்பவர் இரண்டாவதைத்தான் உற்றுப் பார்ப்பார். ஒரு பேச்சுக்கு, கணவாய்ப் பக்கம் பி50 100 அலகு, திட்டவிலக்கம் (கணிப்பு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்பதன் அளவு) 18 சதவீதம் என்றும், கயத்தாறில் 92 அலகு, 9 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். திட்டவிலக்கத்தின் 1.28 மடங்கைக் கழித்தால் பி90 முறையே 77, 81 ஆகிறது. காற்று குறைந்த இடம் முந்திவிடுகிறது.

அதற்காக உடனே கயத்தாறு என்று முடிவு செய்வதும் அவசரமே. பருவக்காற்றின் ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கத்தை யாராலும் குறைக்க இயலாது. அளக்காததால் வந்த ஐயத்தைக் குறைக்கலாம். கணவாயில் ஓராண்டு அளந்து விலக்கம் 10 சதவீதமாகி, பி50 100 ஆகவே நின்றால், பி90 87 ஆக உயரும். பி50 90க்கு இறங்கினால் பி90 78தான், கயத்தாறே மேல். அளவீட்டுக் கோபுரத்தின் செலவும் ஓராண்டுத் தாமதமும் இந்த வாய்ப்புக்குத் தகுமா என்பதே நீங்கள் போட வேண்டிய கணக்கு. தகும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அளப்பதானால் முழு ஆண்டும் அளக்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றை மட்டும் அளந்தவர் கணக்கு எப்போதும் இனிக்கும். அந்த ஓராண்டு வழக்கமானதா என்பதை 1940 முதல் கிடைக்கும் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வுத் தரவுடன் (பழைய வானிலைப் பதிவுகளையும் கணினி மாதிரியையும் இணைத்து உருவாக்கியது) ஒப்பிட்டுத் திருத்துங்கள். சுமார் 31 கிலோமீட்டர் கட்டங்களில் அமைந்த அத்தரவுக்குக் கணவாயின் குறுக்கம் தெரியாது என்பதால், அதிலிருந்து ஆண்டுகளுக்கிடையிலான மாற்றத்தை மட்டும் எடுக்கலாம், வேகத்தை எடுக்கக் கூடாது.

கணவாய்ப் பக்கம் பழைய சிறு காற்றாலைகள் நெருக்கமாக நிற்கின்றன. மேற்கே இருப்பவர் அவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுவினால், அவற்றைக் கடந்து வரும் தளர்ந்த காற்றுதான் உங்களுக்குக் கிடைக்கும். அந்த இழப்பையும் சேர்த்துக் கணிக்கச் சொல்லுங்கள். துணை மின்நிலையத்தில் பருவ உச்சத்தின்போது உங்கள் மின்சாரத்தை ஏற்க இடம் இருக்குமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். அளவீடு முடியும்வரை நிலத்தை விலைக்கு வாங்காமல், முன்பணம் கொடுத்துக் காலக்கெடுவுடன் ஒப்பந்தம் மட்டும் செய்துகொள்ளலாம்.